கடைசி வரிசை என்னுடையது

எங்கள் தக்காளித் தோட்டத்தில் கடைசி வரிசை என்னுடையது. அதை நான் நட்டதில்லை, களை எடுத்ததில்லை, ஒரு சொம்பு தண்ணீர்கூட ஊற்றியதில்லை. ஆனாலும் அது என்னுடையதுதான். என் மனைவி அப்படித்தான் சொல்வாள். "போய் உங்க வரிசையப் பாருங்க, என்ன லட்சணத்துல இருக்குன்னு" என்பாள். போய்ப் பார்த்தால் நன்றாக இருந்ததாகச் சரித்திரமே கிடையாது. ஒரு வருடம் இலையெல்லாம் விளிம்பு கருகி நின்றது. அடுத்த வருடம் புதராக மண்டியது, காய் மட்டும் வைக்கவில்லை. மூன்றாம் வருடம் நட்ட அன்று இருந்த உயரத்துக்கு மேல் வளரமாட்டேன் என்று அடம்பிடித்தது.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாரா வாரம் விவசாயக் கூட்டத்துக்குப் போய் நான் கொண்டுவருகிற யோசனைகளை, என் மனைவி முதலில் அந்த ஒரு வரிசையில்தான் செய்து பார்ப்பாள். அது பிழைத்தால்தான் மற்ற வரிசைகளுக்கு. நாலு வருடத்தில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

நான் விவசாயி இல்லை. பெரிய ரோட்டில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். எரிந்துபோன மோட்டாரைக் கொண்டுவந்து போட்டால், பழைய செம்புக் கம்பியை உருவிவிட்டுப் புதிதாகச் சுற்றிக் கொடுப்பேன். நிலம் என் அப்பாவுடையது, அவருக்குப் பிறகு என் பெயருக்கு வந்தது. கால் ஏக்கருக்குக் கொஞ்சம் கூட இருக்கும். கல்யாணமான வருடமே என் மனைவி அதில் இறங்கிவிட்டாள். இறங்கியவள் ஏறவே இல்லை.

நாலு வருடத்துக்கு முன்னால் விவசாய ஆலோசனை மையத்திலிருந்து பட்டியல் எடுக்க ஒருவர் வந்தார். வரப்பில் நின்றுகொண்டு, "நிலம் யார் பேர்ல?" என்று கேட்டார். என் பெயரைச் சொன்னேன், எழுதினார். போன் நம்பர் கேட்டார், என்னுடையதைக் கொடுத்தேன். "எத்தனை வருஷமா விவசாயம் பண்றீங்க?" என்று கேட்டார். நான் என் மனைவியைப் பார்த்தேன். முழங்கால்வரை சேறும் கையில் நாற்றுமாக அவருக்கு நேரெதிரே நின்றவள், "பதினொன்னு" என்றாள். அவர் தலையை நிமிர்த்தாமல் என் பெயருக்கு நேரே பதினொன்று என்று எழுதிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

அன்றிலிருந்து நான் விவசாயி. மழை வருமா, பூச்சி வருமா என்று என் போனுக்குக் குரல் செய்தி வரும். கடையில் மோட்டார் ஓடும் சத்தத்தில் நான் கேட்பதற்குள் அது பேசி முடித்திருக்கும். வியாழக்கிழமை தோறும் பதினொரு மணிக்குக் கூட்டம். ஆண்களுக்குத் தோதான நேரம். ஊர்ப் பெண்கள் எல்லாம் அப்போது வயலில் குனிந்திருப்பார்கள். கூடத்தில் நாற்பது நாற்காலி, நாற்பது ஆண்கள், முன்னால் ஒரு திரை. வாசலில் நோட்டில் கையெழுத்துப் போட்டால் ஒரு டீயும் பிஸ்கட் பாக்கெட்டும் உண்டு. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அந்த இடம் பிடித்துப்போய்விட்டது. காலை முதல் கம்பியோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு மின்விசிறிக்குக் கீழே இரண்டு மணிநேரம் உட்காரக் கசக்குமா?

முதல் கூட்டத்துக்குக் கிளம்பும்போது என் மனைவி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாள். "பூ உதிருது. வெயில் ஏற ஏற அதிகமா உதிருது. தண்ணி எந்த நேரத்துக்கு விடணும்?" நான் கையைத் தூக்கி, சீட்டைப் பார்த்துப் படித்தேன். கூட்டம் நடத்தும் ஆலோசகர் நல்ல மனிதர். "நல்ல கேள்வி. என்ன ரகம்? நட்டு எத்தனை நாளாச்சு?" என்று கேட்டார். நான் சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் காலியாக இருந்தது.

பின்வரிசையில் ஒருவர் உண்டு. ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர், ஊரே மைக்செட்டு என்றுதான் கூப்பிடும். அவருக்கு ஒலிபெருக்கி தேவையே இல்லை. "அம்மா அவ்வளவுதான் எழுதிக் குடுத்திருக்காங்க சார்! மிச்சத்தை அடுத்த வாரம் எழுதி வாங்கிட்டு வருவாரு!" என்றார். கூடமே குலுங்கியது. நான் அசடு வழிய உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு நாலு வருடம் அந்தக் கூடத்தில் நான் கையைத் தூக்கவில்லை.

ஆனால் வாராவாரம் சீட்டு வந்துகொண்டிருந்தது. வெறுங்கையோடு வீட்டுக்குப் போக முடியாது. நான் வரும் சத்தம் கேட்டதும் அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து நிற்பாள். மற்ற நேரத்தில் நான் பேசினால் காதில் பாதிதான் வாங்குவாள். வியாழக்கிழமை மட்டும் கண் கொட்டாமல் கேட்பாள். அந்த முகத்தைப் பார்த்து "நான் கேக்கல" என்று எப்படிச் சொல்வது? அதனால் ஏதாவது சொல்லிவைப்பேன். சில சமயம் என் கடைக்குப் பக்கத்துப் பூச்சிமருந்துக் கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு போவேன். அவர் இல்லாவிட்டால் என் சொந்தச் சரக்கு. மோட்டார் சூடானால் என்ன செய்வேனோ அதைச் செடிக்குச் சொல்வேன். "சார் சொன்னாரு" என்று முன்னால் ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் எந்தப் புளுகுக்கும் ஒரு கம்பீரம் வந்துவிடுகிறது.

அவள் கேட்டுக்கொள்வாள். "சரி" என்பாள். அதைக் கடைசி வரிசையில் செய்து பார்ப்பாள். எவ்வளவு நிதானமான பெண் என்று நானும் பெருமைப்பட்டுக்கொள்வேன்.

போன இரண்டு வருடமும் விளைச்சல் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. இந்த வருடம் நடவுக்கு முன் நான் ஒரு பேச்சை எடுத்தேன். "இந்தத் தடவையும் இப்படியே போனா நிலத்தைக் குத்தகைக்கு விட்டுடலாம். உனக்கும் கொஞ்சம் ஓய்வா இருக்கும்." மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிராமல் "சரி" என்றாள். நான் ஏதோ கருணை காட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். தாளில் அந்த நிலம் அவளுடையது இல்லை. பயிர் நிற்கும்வரைதான் அவளுடையது. அதை நான் அப்போது யோசிக்கவில்லை, அவள் யோசித்திருக்கிறாள்.

இந்த வருடம் நாற்றை அவளே விட்டாள். தளர்ந்த நாற்றைக் கழித்துவிட்டு ஆயிரத்து ஐந்நூறு நட்டாள். நாற்பதாம் நாள் அந்த வழியாகப் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். மைக்செட்டுகூட வண்டியை நிறுத்தி, "மோட்டாரு, ஜமாய்ச்சுட்டீங்க" என்றார். நானும் கூசாமல் தலையை ஆட்டினேன்.

ஐம்பதாம் நாளைத் தொடுவதற்குள் நடுவில் ஒரு செடி வாடியது. மறுநாள் மூன்று. இலை பழுக்கவில்லை, புள்ளி இல்லை, பூச்சி இல்லை. பச்சைப் பசேலென்று இருக்கும்போதே, சுடுதண்ணீர் ஊற்றியது போலத் துவண்டது. காய் கொத்துக் கொத்தாகப் பச்சையில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வியாழக்கிழமை எழுதிக் கொடுத்த சீட்டு எனக்கு மனப்பாடம். "காலையில நிமிருது. மத்தியானம் படுத்துக்குது. மூணாம் நாள் எழுந்திரிக்கல. மண்ணுல ஈரம் இருக்கு. மருந்தா, தண்ணியா? கட்டாயம் கேளுங்க." அந்தக் கடைசி இரண்டு சொல்லை அதுவரை எந்தச் சீட்டிலும் அவள் எழுதியதில்லை.

நான் கேட்கவில்லை. மைக்செட்டு பின்னால் உட்கார்ந்திருந்தார், என் கை மடியைவிட்டு எழும்பவில்லை. திரும்பும் வழியில் மருந்துக்கடைக்காரரிடம் சொன்னேன். அவர் யோசிக்காமல் ஒரு பாக்கெட்டை எடுத்துப் போட்டார். "வேர்ல ஊத்தச் சொல்லுங்கண்ணே. நல்லா தண்ணி கட்டச் சொல்லுங்க. தூக்கி நிறுத்திடும்." வீட்டுக்கு வந்து அதையே ஆலோசகர் வாயில் வைத்துச் சொன்னேன்.

அவள் பாக்கெட்டை வாங்கி இரண்டு பக்கமும் படித்தாள். என் வரிசைக்கு மருந்தை ஊற்றி, வாய்க்கால் நிறையத் தண்ணீர் கட்டினாள். ஐந்தாம் நாள் அந்த வரிசை முழுக்கப் படுத்துவிட்டது. ஒரு செடி மிச்சமில்லை.

அடுத்த வியாழக்கிழமை பத்தரை மணி இருக்கும். கூட்டத்துக்குக் கிளம்பக் கடைக் கதவில் கை வைத்தேன். என் மனைவி வந்து நின்றாள். பதினைந்து வருடத்தில் அவள் கடைக்கு வந்தது மூன்று தடவை இருந்தால் அதிகம். வேலைச் சட்டையை மாற்றவில்லை. கையில் ஈரத்துணியில் சுற்றிய ஒரு தக்காளிச் செடி, வேரும் மண்ணுமாக. வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"போன வாரம் சார் என்ன சொன்னாரு? அவரு சொன்ன வார்த்தையிலயே சொல்லுங்க."

"அதான் சொன்னேனே. மருந்து ஊத்தணும், நல்லா தண்ணி கட்டணும்..."

"எந்த நேரத்துல வாடுதுன்னு கேட்டாரா?"

"இல்ல."

"எந்தப் பக்கத்துல இருந்து வாடிக்கிட்டு வருதுன்னு?"

"இல்ல..."

அவள் ஸ்டூலைச் சுற்றிக் கிடந்த மோட்டார்களைப் பார்த்தாள். "ஒருத்தன் வந்து மோட்டார் ஓடலன்னா என்ன கேப்பீங்க?"

நான் மேசைமேல் கிடந்த ஸ்பேனரை நகர்த்தி வைத்தேன்.

"சத்தம் வந்துச்சா, புகை வந்துச்சா, கரண்ட் கம்மியா இருந்துச்சா, எத்தனை மணிநேரம் ஓடிச்சுன்னு பத்துக் கேள்வி கேப்பீங்க. கேக்காம ஸ்பேனரைத் தொட மாட்டீங்க. உங்க வேலை அப்படி. அவருக்கு மட்டும் என்ன? நாலு வருஷமா நான் சீட்டு குடுத்து அனுப்பறேன். ஒரு தடவைகூட அவரு திருப்பி ஒரு கேள்வி கேக்கலைங்க. மனுஷன் படிச்சவரு. பாக்காம, கேக்காம, வாரா வாரம் பதில் சொல்லுவாரா?"

கையும் களவுமாகப் பிடிபட்டவன் என்ன செய்வான்? கீழே கிடந்த கம்பித் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

"அவர்கிட்ட நீங்க கேக்கறதே இல்ல, இல்லையா?"

"முதல் தடவை மட்டும் கேட்டேன். சிரிச்சாங்க."

அவ்வளவுதான் வந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அதைவிடக் கேவலமான ஒரு வாக்கியத்தை நான் சொன்னதில்லை. அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தெரியும்" என்றாள். "ரெண்டாவது வருஷமே தெரியும். அதனாலதான் உங்க வரிசையப் பள்ளத்துல வெச்சேன். அதுல ஊத்தறது மேல இருக்கிற செடிக்கு வராது. எழுந்திருங்க, கடைய மூடுங்க. இன்னைக்குச் சீட்டு இல்ல, நானே வர்றேன்."

வண்டியில் போனோம். என் முதுகுக்குப் பின்னால் அவள் செடியை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளம் மேடு வரும்போதெல்லாம் "மெதுவா" என்று சொன்னாள், செடிக்காக.

கூடத்து வாசலில் நோட்டுக்காரர் அவளைத் தடுத்தார். "ஒரு நிலத்துக்கு ஒருத்தர்தாங்க. பேர் இருக்கறவங்கதான் உள்ள போகணும்." என்னைப் பார்த்து, "அண்ணே, நீங்க கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க" என்றார்.

நாலு வருடத்தில் அன்றுதான் நான் உருப்படியாக ஒன்று செய்தேன். "ஒருத்தர்தானே? இவங்க போகட்டும். நான் வெளிய நிக்கறேன்" என்றேன். நோட்டுக்காரர் முழித்தார். அவர் முழித்து முடிப்பதற்குள் என் மனைவி என் பெயருக்கு நேரே தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் வண்டிகள் நிறுத்தும் பக்கம் போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். நாற்பது பேரில் ஒரே பெண்.

ஆலோசகர் திரையைச் சரிசெய்துகொண்டிருந்தார். அன்றைய பாடம் ஏதோ சொட்டுநீர்க் குழாய் பற்றி. அவர் வாயைத் திறப்பதற்குள் இவள் எழுந்துவிட்டாள்.

"சார், ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இந்தச் செடியக் கொஞ்சம் பாருங்க. நேரம் ஆக ஆக எனக்கு செடி போய்க்கிட்டிருக்கு."

"மோட்டாரு இன்னைக்கு சீட்டுக்குப் பதிலா ஆளையே அனுப்பிட்டாருடோய்!" பின்வரிசையிலிருந்து மைக்செட்டு. கூடம் சிரித்தது. என் காது சுட்டது. எனக்கு அந்தச் சிரிப்பு எவ்வளவு நீளம் என்று தெரியும். அதில்தான் நான் நாலு வருடம் காணாமல் போயிருந்தேன்.

என் மனைவி திரும்பி அவர்களைப் பார்த்தாள். முறைக்கவில்லை. "சிரிச்சு முடிச்சுடுங்கண்ணே. அப்புறம் பேசறேன்" என்று சொல்லிவிட்டு நின்றாள். வாய்க்காலில் தண்ணீர் வந்து சேர நிற்பாளே, அதே நிதானம். சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக வற்றியது. கடைசியில் மைக்செட்டு மட்டும் தனியாகச் சிரித்து, அவரும் இருமலாக மாற்றிக்கொண்டார்.

ஆலோசகர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். "எத்தனை நாள் பயிர்ம்மா?"

"இன்னைக்கு அம்பத்தாறு."

"முதல்ல எந்த இலை வாடிச்சு?"

"நுனி இலை. அடி இலை பழுக்கவே இல்ல சார். இப்பவும் பச்சையாத்தான் இருக்கு."

"எந்த நேரம்?"

"பதினொன்னுக்குத் துவள ஆரம்பிக்கும். அஞ்சு மணிக்கு நிமிரும். ரெண்டு நாள் அப்படி. மூணாம் நாள் நிமிராது."

"வேர்ல முடிச்சு, புழு ஏதாவது?"

"எட்டுச் செடி பிடுங்கிப் பாத்தேன். வேர் சுத்தமா இருக்கு. தண்டைக் கீறினா அடியில உள்பக்கம் பழுப்பா இருக்கு."

"எந்தப் பக்கமாப் பரவுது?"

"தண்ணி போற பக்கமா. குறுக்கே தாவல. முதல்ல வாடின செடிக்கு மேட்டுல இருக்கறது ஒன்னுகூட வாடல."

அவர் கேட்கக் கேட்க இவள் சொன்னாள். ஒரு கேள்விக்கும் யோசிக்கவில்லை, ஒன்றையும் கூட்டிச் சொல்லவில்லை. தெரியாததை "அது பாக்கல சார்" என்றாள். ஆலோசகரின் முகத்தில் வேகம் ஏறியது. இத்தனை வருடம் திரையைப் பார்த்துப் பேசிய மனிதர், அன்றைக்குத்தான் சாப்பாடு கிடைத்தவரைப் போல அவள் பதிலுக்காகப் பறந்தார். இந்தப் பெண்ணோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு, இவள் யார் என்று தெரிந்துகொள்ள நான் ஒரு ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்க வேண்டியிருந்தது.

"யாராவது ஒரு கண்ணாடி டம்ளர்ல தண்ணி கொண்டாங்க" என்றார் ஆலோசகர். வந்தது. செடியின் தண்டை அடிப்பக்கத்தில் குறுக்கே வெட்டி, வெட்டிய முனை தண்ணீரைத் தொடும்படி பிடித்தார். கூடத்தில் பாதிப்பேர் எழுந்து சுற்றிலும் நின்றுவிட்டார்கள். ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு வெட்டிய இடத்திலிருந்து வெள்ளையாக ஒரு இழை, பால் நூல் போல, தண்ணீருக்குள் மெல்ல இறங்கியது.

"பாக்டீரியா வாடல்" என்றார். "இதுக்கு மருந்து கிடையாதும்மா. எவன் எதை வித்தாலும் வாங்காதீங்க."

அவள் முகம் ஒரு கணம் அப்படியே நின்றது. குத்தகைப் பேச்சை அவள் நினைத்தாளோ என்னவோ, நான் நினைத்தேன்.

"மிச்சச் செடியக் காப்பாத்த முடியுமா சார்?"

"முடியும். நோய் தண்ணி வழியா, மண்ணு வழியாப் போகும். வாய்க்கால் பாசனத்தை உடனே நிறுத்தணும்..."

"மூணு நாளாச்சு சார், நிறுத்தி. குழாயப் பிடிச்சு, மிச்சமிருக்கற ஆயிரத்துச் சொச்சம் செடிக்கும் தனித்தனியாத்தான் ஊத்தறேன். ஒரு செடித் தண்ணி இன்னொரு செடிக்கு ஓடக் கூடாதுன்னு."

"ஆயிரத்துச் சொச்சம் செடிக்கா?"

"ஒன்னு விட்டு ஒரு நாள்."

"வாடின செடிய..."

"மண்ணோட பிடுங்கிச் சாக்குல கட்டி, தோட்டத்துக்கு வெளிய கொண்டுபோயிட்டேன். அந்தக் குழியில என்ன போடணும்னுதான் தெரியல. வெட்டுன கத்திய என்ன செய்யணும்னும் தெரியல."

குழிக்கு பிளீச்சிங் பவுடர், கத்தியை ஒவ்வொரு செடிக்கும் கழுவித் துடைக்கணும், காலில் ஒட்டிய மண்ணோடு நல்ல செடிப்பக்கம் போகக் கூடாது, அடுத்த வருடம் அங்கே தக்காளியும் வேண்டாம் கத்தரியும் வேண்டாம், சோளம் போடலாம் என்று அவர் சொன்னார். அவள் எழுதிக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள்.

"தண்ணிய நிறுத்தணும்னு உங்களுக்கு யாரும்மா சொன்னது?"

"யாரும் சொல்லல சார். சொல்றதுக்கு எனக்கு ஆள் இல்ல. ஒரு வரிசையில நிறையத் தண்ணி கட்டிப் பாத்தேன். அது முழுசாப் போயிடுச்சு. அப்ப தண்ணிதான்னு முடிவு பண்ணினேன்."

"மருந்து யாரு குடுத்தா?"

நான் கம்பியை இறுக்கிப் பிடித்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. "ஒரு கடையில குடுத்தாங்க" என்றாள். அது பொய்யும் இல்லை.

ஆலோசகர் டம்ளரைத் தூக்கிப் பிடித்தார். "எல்லாரும் கவனிங்க. இந்தத் தோட்டத்துக்குத் தண்ணி எங்கிருந்து வருதோ அங்கிருந்துதான் உங்க எல்லாருக்கும் வருது. உங்க செடி மத்தியானத்துல துவளுதா? நுனியில இருந்தா, அடியில இருந்தா? உடனே சொல்லுங்க."

முப்பத்தொன்பது விவசாயிகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு முன்வரிசையில் ஒருவர் மெல்லப் போனை எடுத்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டார். "ஏய், நம்ம செடி மத்தியானம் படுத்துக்குதா?" அவரைப் பார்த்து இன்னொருவர். அப்புறம் வெட்கம் விட்டுப்போயிற்று. கூடம் முழுக்கப் போன்கள். "நுனியா அடியான்னு கேக்கறாரும்மா", "நட்டு எத்தனை நாளாச்சு நமக்கு?", "தண்டைக் கீறிப் பாரு, கீறிப் பாருங்கறேன்", "என்ன, போன வாரமே சொன்னியா? எப்ப சொன்ன?" எல்லாவற்றுக்கும் மேலே மைக்செட்டின் குரல்: "கோவிச்சுக்காதம்மா, இங்க சார் நிக்கறாரு, பதிலைச் சொல்லு!"

ஆலோசகர் டம்ளரைப் பிடித்தபடி நடுவில் நின்று, ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். இத்தனை வருடமும் தான் யாரிடம் பேசிக்கொண்டிருந்தோம் என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். மேடைக்குத் திரும்பிப் போய்த் திரையை அணைத்தார். கையெழுத்து நோட்டை எடுத்துவரச் சொல்லி, "போன்ல இருக்கறவங்க நம்பரை ஒவ்வொருத்தரும் உங்க பேர் பக்கத்துல எழுதிட்டுப் போங்க" என்றார். "கூட்டத்தை எந்த நேரத்துக்கு வெச்சா அவங்க வர முடியும்னும் கேட்டு எழுதுங்க." என் மனைவியிடம் மட்டும் அவரே நம்பர் கேட்டுக் குறித்துக்கொண்டார். மறுநாள் காலையில் தோட்டத்துக்கு வருவதாகச் சொன்னார். என் கடை வழியாகத்தான் வந்தார். நிறுத்தி என்னிடம் வழி மட்டும் கேட்டுக்கொண்டு போனார்.

நானூறு செடி போயிற்று. ஆயிரத்துக்கு மேல் நின்றது. வாய்க்காலில் எங்களுக்குக் கீழே இருந்த தோட்டங்களில் இரண்டே இரண்டில்தான் வாடல் தெரிந்தது. அங்கேயும் அந்த வீட்டுப் பெண்கள் அன்று மத்தியானமே பிடுங்கி எறிந்துவிட்டார்கள். மைக்செட்டின் மனைவி மூன்று தடவை எங்கள் தோட்டத்துக்கு வந்து, என் மனைவியோடு குந்தி உட்கார்ந்து குழிகளைப் பார்த்துவிட்டுப் போனார்.

முதல் பறிப்பு அன்று நான் கடையைத் திறக்கவில்லை. தோட்டத்து ஓரத்தில் தார்ப்பாய் விரித்து, பறித்ததைக் கொட்டி, நல்லதை ஒரு கூடையிலும் வெடித்ததையும் அழுகலையும் இன்னொன்றிலும் தரம் பிரித்துக்கொண்டிருந்தோம். அவள் பத்து எடுத்துப் போடுவதற்குள் நான் ஒன்று போட்டேன். குத்தகைப் பேச்சை இனி எடுக்கமாட்டேன் என்று சொன்னேன். "எடுத்தா விட்டுடுவேனா?" என்றாள். சிரித்தாள்கூட. அந்தச் சிரிப்பில் தைரியம் வந்துதான், பத்து நாளாகத் தொண்டையில் நின்றதைக் கேட்டேன்.

"ரெண்டாவது வருஷமே தெரியும்னு சொன்னியே. அப்புறமும் ஏன் சீட்டு எழுதிக் குடுத்த? அப்பவே என்னைப் பிடிச்சு ரெண்டு கேள்வி கேட்டிருக்கலாம் இல்ல?"

அவள் கை நிற்கவில்லை. "கேட்டிருந்தா நீங்க கூச்சப்பட்டுக்கிட்டு அங்க போறதையே நிறுத்தியிருப்பீங்க. பேரை அடிச்சிருப்பாங்க. நம்ம வீட்டுல இருந்து அந்தக் கூடத்துக்குப் போயிட்டு வர ஆள் நீங்க ஒருத்தர்தானே? பொய் சொன்னாலும் பரவாயில்ல, என்னைக்காவது ஒரு நாள் நெசமா ஒன்னு காதுல விழுந்து, அதையாவது கொண்டுவந்து சொல்ல மாட்டாரான்னு பாத்தேன். வருஷத்துக்கு ஒரு வரிசை போனாப் போகட்டும்னு விட்டுட்டேன்."

மன்னிப்புக் கேட்க நினைத்தேன். கையில் ஒரு தக்காளி இருந்தது, ஒரு பக்கம் லேசாகக் கீறல் விழுந்தது. அதை எந்தக் கூடையில் போடுவது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் வாங்கிப் பார்த்தாள், சட்டையில் ஒரு தடவை துடைத்தாள்.

"இதெல்லாம் தேறும்" என்று நல்ல கூடையில் போட்டுவிட்டு, அடுத்ததை எடுத்தாள்.